வந்ததும் வராததும்: கத்தியவார்க் கரையில் ஒரு பருவக் குறிப்பேடு

வடக்கே கட்ச் வளைகுடா, கிழக்கே காம்பே வளைகுடா, மேற்கிலும் தெற்கிலும் அரபிக்கடல் என மூன்று புறமும் நீர் சூழ்ந்த கத்தியவார்த் தீபகற்பம், இன்று சௌராஷ்டிரம் என்ற பெயரில் குஜராத் மாநிலத்தின் ஒரு பகுதியாக விளங்குகிறது. சிங்கத்தின் பெயரால் உலகறிந்த நிலம் இது. 2025-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 891 சிங்கங்கள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. அக்கணக்கெடுப்பின்பொருட்டு வனத்துறையின் பெரும் ஆட்படையே களத்தில் இறங்குகிறது. அது செய்யத்தக்க பணியே. ஆயினும், அதே தீபகற்பத்திற்கு ஆண்டுதோறும் குறித்த பருவத்தில் வந்து குறித்த பருவத்தில் மறையும் பறவைகளுக்கும், மழைக்கும் வெயிலுக்கும் ஏற்பப் பூத்துக் காய்க்கும் காட்டுச் செடிகளுக்கும் நாள்வாரியான குறிப்பு எந்த ஊரில் இருக்கிறது என்று வினவினால், பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. இக்குறையைப் போக்கத்தக்கவர்கள் அந்தந்த ஊரிலேயே வாழும் பள்ளி ஆசிரியரும் வனக்காவலரும் வேளாண்மைக் களப்பணியாளருமே. வெளியூரிலிருந்து வரும் நிபுணர் எவ்வளவு கற்றவராயினும் அவரால் இது இயலாது.

இதற்குக் காரணம் எளிது. வெளியூரார் ஜாம்நகருக்கோ போர்பந்தருக்கோ டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் வருகின்றனர். பூநாரைக் கூட்டத்தையும், வளைகுடாவின் சேற்றுக் கரையில் நண்டு பிடித்துத் தின்னும் கருவெள்ளை நிற உள்ளான்களையும் கண்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றனர். அவர்கள் தரும் செய்தி மெய்யானதே. ஆனால் அது ஒரு நாளின் செய்தி. பறவை இருந்த நாளின் செய்தி. ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், சேறு படிந்த வண்டிப்பாதையில் நடந்துசென்று, சென்ற ஆண்டு இதே நாளில் நின்ற பறவை இவ்வாண்டு வரவில்லை என்று எழுதுவதற்கு அவர்களுள் ஒருவரும் அங்கில்லை. வந்ததை எவரும் எழுதலாம். வராததை எழுத, அவ்விடத்திலேயே இருந்து எதிர்பார்த்துக் காத்திருந்தவர் வேண்டும்.

தீபகற்பத்தின் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை, மழையில் தொடங்குகிறது. மழையை ஒட்டி வருவது சுடலைக்குயில். கறுப்பும் வெள்ளையுமான உடலும் தலையில் கூரிய கொண்டையும் உடைய இப்பறவையைப் பழைய வடமொழிக் கவிகள் சாதகம் என்று பாடினர். மழைத்துளியையன்றி வேறு நீரை அருந்தாது என்பது கதை. கதை ஒருபுறம் இருக்க, இப்பறவை மழைக்கு முன் வருகிறதா, மழையோடு வருகிறதா, பிந்தி வருகிறதா என்பது ஒரு நல்ல விஞ்ஞானக் கேள்வி. இதற்கு விடை காண விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. குரல் முதன்முதலாகக் கேட்ட நாள் ஒன்று, பள்ளி முற்றத்தில் முதல் மழை பெய்த நாள் ஒன்று, ஆக இரண்டு தேதிகள் போதும். பத்து ஆண்டுகள் தொடர்ந்து இவ்விரண்டையும் எழுதிய ஊர்ப்பள்ளி ஒன்று இருக்குமானால், ஏழாம் வகுப்பு மாணவனும் அவற்றை வரைபடத்தாளில் குறித்து விடையைத் தானே காணலாம். பாடநூலில் பருவக்காற்றைப் பற்றிப் பத்துப் பக்கம் படிப்பதைவிட இது அவன் மனத்தில் நன்கு பதியும்.

மழையின் பறவைகளுள் மிகுந்த கவலைக்குரியது வரகுக்கோழி. தமிழ்நாட்டாருக்கும் பழைய பெயருள்ள பறவை இது. குஜராத்தியில் இதனைக் ‘கட்மோர்’ என்பர்; புல்மயில் என்பது பொருள். பெயர் பொருத்தமானதே. கானமயிலின் இனத்தில் மிகச் சிறியதாகிய இது, ஆண்டின் பெரும்பகுதியில் புல்லின் நிறத்தோடு ஒன்றி எவர் கண்ணிலும் படாமல் வாழ்கிறது. மழை பெய்து புல் முழங்காலளவு உயர்ந்ததும் ஆணின் உருவம் மாறுகிறது. உடல் கருமையடைந்து, சிறகில் வெண்பட்டை விளங்க, தலையின் இருபுறமும் நாடா போன்ற இறகுகள் வளர்கின்றன. பின்னர் அது புல்லுக்கு மேலே திடீரென்று துள்ளி எழுந்து விழுகிறது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை இவ்வாறு துள்ளுகிறது. பெட்டையை அழைக்கும் முறை அது. மழைக்காலம் முடிந்ததும் கருமை நீங்கி, ஆணும் பெட்டையைப் போலாகி, மீண்டும் புல்லில் மறைந்துவிடுகிறது. ஆகவே இப்பறவையை எண்ணுவதற்கு இயற்கை அளிக்கும் தவணை ஏறக்குறைய ஜூலை முதல் செப்டம்பர் வரையே. அத்தவணை தவறினால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்கவேண்டும்.

இப்பறவையினம் இன்று நாடெங்கிலும் சில நூறு என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. 2021-ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவின் விளிம்பிலுள்ள இனங்களின் வரிசையில் சேர்த்தது. பருத்தியும் பிற பயிர்களும் புல்வெளியை விழுங்கியது முதற்காரணம். எஞ்சியிருப்பவற்றுள் முக்கியமானவை ‘வீடி’ எனப்படும் காப்புப் புல்வெளிகள். பஞ்சகாலத்தில் கால்நடைக்குத் தீவனமாகப் புல்லைச் சேமிக்கும்பொருட்டு மன்னராட்சிக் காலத்திலேயே ஒதுக்கப்பட்டு, இன்று பெரும்பாலும் வனத்துறையின் பொறுப்பில் உள்ள நிலங்கள் அவை. மழைக்குப் பின் அவற்றில் புல் அறுக்கப்படுகிறது. அறுக்கவேண்டியதுதான், கால்நடை வளர்ப்போரின் பிழைப்பு அது. எந்த வாரத்தில் எந்த மூலையிலிருந்து அறுக்கத் தொடங்குவது என்பதே கேள்வி. கடைசியாக ஆண் பறவை துள்ளியது எந்த நாள், குஞ்சுடன் பெட்டை கடைசியாகக் காணப்பட்டது எந்த நாள் என்று அவ்வீடியின் காவலர் ஐந்தாண்டு எழுதிவைத்திருந்தால், அறுப்பைப் பத்து நாள் தள்ளிவைப்பதா, ஒரு பகுதியை மட்டும் விட்டுவைப்பதா என்பதை அதிகாரியும் கிராமத்தாரும் ஒருங்கே அமர்ந்து முடிவு செய்யலாம். குறிப்பு இல்லாத இடத்தில் முடிவு வழக்கத்தைப் பின்பற்றியே அமையும்; பறவை இல்லாமற் போனதும் எவருக்கும் தெரியாது.

மழை ஓயும் முன்னரே மற்றொரு விருந்தாளி வந்துவிடுகிறது. சூறைக்குருவி எனத் தமிழிலும் ‘வையா’ எனக் குஜராத்தியிலும் வழங்கும் இளஞ்சிவப்பு நிற மைனாவினம், மத்திய ஆசியாவில் குஞ்சு பொரித்துவிட்டு ஜூலை இறுதியிலோ ஆகஸ்டிலோ திரும்புகிறது. வலசைப் பறவைகள் குளிர்காலத்தில் வருவன என்று பாடநூல் கூறுவதை நம்பி நவம்பரில் குறிப்பேட்டைத் திறப்பவர், இதன் வருகையைக் காணாமலே விட்டிருப்பார். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பூனைப்பருந்துகளும் பெருங்கொக்குகளும் வருகின்றன. பாவ்நகருக்கு வடக்கே பால் எனப்படும் உவர்ச் சமவெளியில், வெளிமான்களுக்காக 1976-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட வேளாவதர்ப் புல்வெளி, பூனைப்பருந்துகள் இரவில் கூட்டமாகத் தரையில் தங்கும் இடமாக உலகப் புகழ் பெற்றது. பகலெல்லாம் பருத்தி வயல்களிலும் புல்வெளிகளிலும் தாழப் பறந்து வெட்டுக்கிளிகளை உண்ட பருந்துகள், மாலை மங்கும் வேளையில் நாற்றிசையிலிருந்தும் வந்து புல்லில் இறங்கும் காட்சி, ஒருமுறை கண்டவர் மறக்கத்தக்கதன்று. அங்கு பல ஆண்டுகள் மாலைதோறும் நின்று எண்ணியவர்கள் இருந்தமையால்தான், அவற்றின் தொகை முன்னைவிடப் பெரிதும் குறைந்துவிட்டது என்று இன்று உறுதியாகக் கூறமுடிகிறது.

பெருங்கொக்கைப் பற்றிய குறிப்பில் ஓர் இடர் உண்டு. கர்க்கரோ எனப்படும் சிறிய பெருங்கொக்கும், குஞ்ச் எனப்படும் பெரிய வகையும் அறுவடை முடிந்த நிலக்கடலை வயல்களில் மேய்வதை உழவர் நன்கு அறிவர். இரண்டையும் குரலைக் கொண்டே பிரித்துச் சொல்லும் சிறுவரும் உண்டு. கர்க்கரோ எப்பொழுது வரும் என்று ஒரு முதியவரைக் கேட்டால், நவராத்திரியை ஒட்டி வரும் என்பார். அவர் கூறுவது பிழையன்று. ஆனால் சாந்திரமான நாட்காட்டியைப் பின்பற்றும் நவராத்திரி ஓராண்டு செப்டம்பர் மாதத்திலும் மற்றோராண்டு அக்டோபர் நடுவிலும் அமையும். முதியவரின் விடையை அப்படியே எழுதிவைத்தால், பறவை ஒரே நாளில் வந்திருந்தாலும் முன்பின்னாக வந்ததுபோல் தோன்றும். எனவே குறிப்பேட்டில் தேதியும் ஆண்டும் முதலில் வேண்டும். திதியையும் பக்கத்தில் எழுதுவது நலம். திதி கடற்கரையில் இன்றியமையாதது. கட்ச் வளைகுடாவின் தென்கரையில், இந்தியாவின் முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக 1982-இல் அறிவிக்கப்பட்ட பகுதியில், நராரா போன்ற இடங்களில் கடல் வற்றும்போது பவளத்திட்டுகளும் பேய்க்கணவாயும் பேத்தை மீனும் நடந்துசென்றே காணத்தக்கவை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் மிகுதி, அட்டமியில் குறைவு. வளர்பிறை எட்டாம் நாளில் சென்றவர் ஒன்றும் காணவில்லை என்று எழுதினால், அக்குறிப்பு உயிரினத்தைப் பற்றியதன்று, ஓதத்தைப் பற்றியது.

செடிகொடிகளைப் பற்றி இத்தகைய குறிப்பேடு இன்னும் அரிது. பறவை பறந்து வருவதால் வருகை என்ற நினைவு எழுகிறது. செடி அங்கேயே நிற்பதால் அதற்கும் ஒரு நாட்காட்டி உண்டு என்பது மறந்துபோகிறது. மழையில் பர்டா மலைப்புதர்களில் செங்காந்தள் ஏறிப் பூக்கிறது. மாசி, பங்குனியில் இலை உதிர்ந்த பலாசம் செந்தழலாகப் பூக்கிறது. வெயில் முதிரும்போது உகாய் மரம் பழுக்கிறது. மத்திய ஆசியாவுக்குத் திரும்புமுன் சூறைக்குருவிகள் அப்பழத்தை மிக விரும்பி உண்ணும். பழம் பழுத்த நாளையும் குருவிகள் புறப்பட்ட நாளையும் ஒரே பக்கத்தில் எழுதிய ஆசிரியர், தாவரவியலையும் விலங்கியலையும் இரண்டு பாடங்களாக நடத்த மனம் கொள்ளார். கழிமுகங்களில் ‘செர்’ எனப்படும் வெண்கண்டல் மழைக்காலத்தில் விதையை உதிர்க்கிறது. கண்டல் நடும் பணியில் ஈடுபட்ட களப்பணியாளருக்கு, அவ்விதை தம் கழிமுகத்தில் எந்த வாரத்தில் உதிரும் என்பது கைவசம் இருக்கவேண்டிய செய்தி. உவர்நிலம் முன்னேறுவதைத் தடுக்கவென்று கொண்டுவந்து நடப்பட்ட சீமைக்கருவேல் வேளாவதர்ப் புல்வெளிக்குள்ளும் புகுந்துவிட்டது. அதற்குக் கிராமத்தார் ‘காண்டோ பாவல்’, அதாவது பைத்தியக்கருவேல், என்று பெயரிட்டனர். ஆராய்ச்சியறிக்கை பல பக்கங்களில் சொன்னதை இரண்டு சொற்களில் சொன்ன பெயர் அது.

கிராமத்தார் சொல்லும் பெயரை இழிவாக எண்ணும் வழக்கம் கற்றோரிடம் உண்டு. அதற்கு மாறாக இத்தீபகற்பமே ஒரு சான்று தருகிறது. போர்பந்தர் சமஸ்தானத்தின் காட்டிலாகாவில் பணியாற்றிய ஜெயகிருஷ்ண இந்திரஜி தாக்கர் (1849–1929), உயர்கல்வி பெறாதவர். பர்டா மலையின் தாவரங்களை ஆண்டுக்கணக்கில் நடந்து நடந்து கண்டு, அவற்றின் ஊர்ப்பெயரும் பயனும் விளங்க, 1910-இல் குஜராத்தி மொழியிலேயே தாவரநூல் ஒன்றை வெளியிட்டார். நூறாண்டுக்கு மேலாகியும் அம்மலையில் என்னென்ன இருந்தன என்று அறிய விரும்புவோர் அந்நூலை நாடுகின்றனர். அதுபோலவே, பாவ்நகர் அரச குடும்பத்தவரான தர்மகுமார்சிங்ஜி 1950-களில் வெளியிட்ட சௌராஷ்டிரப் பறவைகளைப் பற்றிய நூலும், அப்பொழுது சாதாரணமாகத் திரிந்தவை எவை என்று காட்டும் அளவுகோலாக நிற்கிறது. இருவரும் தாம் வாழ்ந்த நிலத்தை எழுதினர்.

சாதாரணமானவற்றை எழுதாமல் விடுவதன் விளைவைப் பாறுகளின் வரலாறு காட்டும். 1980-களில் வெண்முதுகுப் பாறு இந்தியாவின் ஊர்ப்புறமெங்கும் இருந்தது; எவரும் அதனைப் பொருட்படுத்தி எண்ணவில்லை. பரத்பூரில் மட்டும், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ் 1980-களில் கூடுகளையும் பறவைகளையும் எண்ணியிருந்தார். 1990-களின் இறுதியில் மீண்டும் எண்ணியபோது அவை ஏறத்தாழ இல்லாமற் போயிருந்தன. இரண்டு எண்களும் ஒருவர் கையில் இருந்தமையால் அழிவு வெளிப்பட்டது. கால்நடைக்கு வலி நீக்க அளித்த டைக்ளோஃபெனாக் மருந்தே காரணம் என்பது 2004-இல் நிலைநாட்டப்பட்டு, 2006-இல் அம்மருந்தின் கால்நடைப் பயன்பாட்டை அரசு தடை செய்தது. அதற்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டவை மடிந்துவிட்டன. பாவ்நகர் மாவட்டத்து மகுவாக் கரையோரத்தில் தென்னை மரங்களின் மேல் கூடு கட்டிய பாறுகள் சில எஞ்சின. 2021-ஆம் ஆண்டு மே மாதம் தௌக்தே புயல் அக்கரையைத் தாக்கித் தோப்புகளைச் சாய்த்தது. அத்தகைய புயலுக்குப் பின் எத்தனை கூட்டுமரங்கள் விழுந்தன என்று கூறவல்லவர், அதற்கு முன் அவற்றை மரம் மரமாக எண்ணியிருந்தவரே.

இங்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். பயிற்சியற்றவர் குறிப்பில் பிழை மலியும் என்பது ஒன்று. பெட்டைப் பூனைப்பருந்துகளில் இரண்டு இனங்களைப் பிரித்தறிவது தேர்ந்தவருக்கும் கடினம் என்பது உண்மையே. அதற்கு மருந்து எளிது: ‘பூனைப்பருந்து, பெட்டை, இனம் தெரியவில்லை’ என்று எழுதவேண்டும். தெரியவில்லை என்ற சொல்லைக் குறிப்பேட்டில் எழுத அஞ்சாதவரின் மற்றக் குறிப்புகளை நம்பலாம். ஒரு பக்கத்திலும் ஐயக்குறி இல்லாத குறிப்பேட்டையே ஐயத்துடன் நோக்கவேண்டும். இக்காலத்துக் கைத்தொலைபேசியும் அதிலுள்ள இனங்காணும் வசதிகளும் துணைசெய்யும். படம் எடுத்துவைத்தால் பின்னொருவர் பார்த்துத் திருத்தலாம். ஆனால் வராத பறவையைப் படம் எடுக்க எந்தக் கருவியும் இல்லை.

மற்றொரு மறுப்பு இதனினும் வலியது. ஆசிரியரும் களப்பணியாளரும் ஏற்கெனவே பதிவேடுகளின் சுமையால் வருந்துகின்றனர். மேலும் ஒன்றா என்பது அது. இக்குறையில் நியாயம் உண்டு. உயிரினப் பன்மைச் சட்டம் 2002-இன்படி ஊர்தோறும் மக்கள் உயிரினப் பன்மைப் பதிவேடு எழுதப்படவேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி இறுதிக்குள் முடிக்குமாறு கெடு விதித்தபோது பல இடங்களில் அவை அவசரமாக நிரப்பப்பட்டன. பெயர்கள் வரிசையாக இருக்கும்; எந்த மாதத்தில், எவ்வளவு, யார் கண்டது என்பவை இரா. அப்படிப்பட்ட மற்றொரு பதிவேடு எவருக்கும் வேண்டியதில்லை. வேண்டுவது மிகச் சிறிது. காவலர் தாம் ஏற்கெனவே நடக்கும் சுற்றிலும், ஆசிரியர் தாம் ஏற்கெனவே வரும் வழியிலும், ஐந்தே இனங்களைத் தெரிந்தெடுத்து வாரம் ஒரு நாள் எழுதினால் போதும். புதிய சுற்று, புதிய படிவம், மேலிடத்துக்கு மாதாந்திர அறிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது ஓராண்டில் மடிந்துவிடும். 2010 முதல் நடைபெறும் ‘சீசன்வாட்ச்’ திட்டத்தில் பள்ளி மாணவர்கள் ஒரே மரத்தை வாரந்தோறும் பார்த்துத் தளிர், பூ, காய் ஆகியவற்றை மட்டும் குறித்து வருவது இதற்கு நல்ல முன்மாதிரி. மரம் ஓடிப்போவதில்லையாதலால் குழந்தைகளுக்கு அது தக்க தொடக்கமும் ஆகும்.

ஒரு கட்டுப்பாடு மட்டும் தேவை. வரகுக்கோழி துள்ளும் இடமும் பாறு கூடுகட்டிய மரமும் வெளியாருக்குத் தெரிவிக்கப்படலாகாது. படம் எடுக்க வருவோர் நெருங்கினாலே போதும், பறவை அவ்விடத்தை விட்டுவிடக்கூடும். வற்றிய கடலில் மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், பவளத்தின்மேல் கால் வைக்கவும் பேத்தை மீனைக் கையில் எடுத்து ஊதச் செய்து வேடிக்கை பார்க்கவும் இடம் தரலாகாது. வழிகாட்டிகளே அவ்வாறு செய்து காட்டுவதுண்டு, அது கண்டிக்கத்தக்கது.

பருவத்தை அறிந்தவர் கையில் உயிரினத்தின் கதி எவ்வாறு மாறும் என்பதற்கு வேராவல் கடலில் உதாரணம் உண்டு. திமிங்கிலச் சுறா எந்த மாதத்தில் கரையருகே வரும் என்பதை அதனை ஈரல் எண்ணெய்க்காக வேட்டையாடிய மீனவரே துல்லியமாக அறிந்திருந்தனர். 2001-இல் அது சட்டப்பாதுகாப்புப் பெற்றது. 2004-இல் தொடங்கிய இயக்கம் அதற்கு ‘வ்ஹாலி’, அன்பிற்குரியவள், என்று பெயரிட்டு, மகப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகளாக அதனைக் காணுமாறு மீனவரை வேண்டியது. அதன் பின்னர் அதே மீனவர்கள் தம் வலையை அறுத்து நூற்றுக்கணக்கான சுறாக்களை விடுவித்துள்ளனர். அறுத்த வலைக்கு இழப்பீடு பெறுதற்கு அவர்கள் எடுத்துத் தரும் படமும் தேதியும், அக்கடலில் அவ்வுயிரினம் வந்துபோன நாட்களின் பதிவாகவும் பயன்படுகின்றன.

இனி, எழுதிய குறிப்பேடு எங்கே இருக்கவேண்டும் என்பது எஞ்சுகிறது. ஆர்வமுள்ள ஆசிரியர் ஆறாண்டு எழுதுகிறார், மாற்றலாணை வருகிறது, குறிப்பேடு அவருடைய பெட்டியில் வேறு மாவட்டத்துக்குச் செல்கிறது. வனக்காவலர் ஓய்வு பெறுகிறார். அவருடைய சிறுபுத்தகம் வீட்டுப் பரணில் கிடக்கிறது. குறிப்பேடு எழுதியவருக்குரியதன்று, அவ்விடத்துக்குரியது. பள்ளியிலும் வனச்சரக அலுவலகத்திலும் பொறுப்பு ஒப்படைக்கும்போது எழுதப்படும் பொருட்பட்டியலில், மணிக்கும் வரைபடத்துக்கும் பூட்டுச்சாவிக்கும் அடுத்து, ‘பருவக் குறிப்பேடு, ஒன்று’ என்ற வரியும் சேர்க்கப்படவேண்டும். வருபவர் அதனைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டு, அன்று கண்டவற்றை அடுத்த வரியில் எழுதத் தொடங்கவேண்டும்.